ஸ்டேஷன்ல ஆள் இல்ல, நாளைக்கு வாங்க!

ஐந்தில் ஓர் இடம் காலி... ஆள் பற்றாத காவல் நிலையங்கள், அலைக்கழியும் மக்கள்

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை. உத்தரப் பிரதேசத்தின் ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் இளைஞர்கள். முதுகில் பை, கையில் ஹால் டிக்கெட், ஓரம் மடங்கிய பொது அறிவு கைடு. முந்தின இரவே வந்து இறங்கி, பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்து எழுந்தவர்கள் பலர். அவர்கள் எழுத வந்தது மாநில போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு. இருந்த இடங்கள் 60,244. போட்டியிட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 80 பேர். அன்றும் மறுநாளுமாக 75 மாவட்டங்களிலும் தேர்வு நடந்து முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை தேர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. வினாத்தாள் வெளியாகிவிட்டதாம். ஆகஸ்டில் மறுபடியும் தேர்வு. பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, உடல்தகுதி, ஓட்டம். 2025 ஜூனில்தான் லக்னோவில் பணி நியமன ஆணை கொடுத்தார்கள். அதன்பின் ஒன்பது மாதப் பயிற்சி. ஆக, 2023 டிசம்பரில் அறிவித்த காலியிடம், ஒரு காவல் நிலையத்தில் ஓர் ஆளாக வந்து நிற்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடம் அடுத்த கணக்கில் சேர்ந்துகொள்கிறது.

வேலைக்கு வர லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான இடங்கள் காலியாகவும் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள், நகை பறிகொடுத்து ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பெண்மணியும், முந்தின நாள் காலையில் டூட்டிக்கு வந்து இன்னும் வீடு திரும்பாத கான்ஸ்டபிளும்தான்.

காகிதத்தில் 26 லட்சம்

இந்தியாவுக்கென ஒரே காவல்துறை கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல் மாநிலப் பொருள். ஆனால் எல்லா மாநிலக் கணக்கையும் சேர்த்து, மத்திய உள்துறையின்கீழ் இருக்கும் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் 2020 ஜனவரி 1 நிலவரம் இது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 26,23,225. காலி 5,31,737. ஐந்தில் ஓர் இடத்தில் ஆள் இல்லை.

ஒரு லட்சம் மக்களுக்கு 195 போலீஸார் வேண்டும் என்று அரசுகளே நிர்ணயித்திருக்கின்றன. இருந்தவர்கள் 156 பேர். 2022-ல் அதுவும் குறைந்து 153-ஐ ஒட்டி வந்துவிட்டது. உலகத் தரம் 222 என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்த வாதமே நமக்கு வேண்டாம். நாமே போட்டுக்கொண்ட கணக்கை நம்மால் எட்ட முடியவில்லை என்பதுதான் விஷயம்.

இந்தச் சராசரியும் ஏமாற்றக்கூடியது. கிளர்ச்சிகளைப் பார்த்த சிறிய மாநிலமான நாகாலாந்தில் லட்சம் பேருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் இருக்க, பீகாரில் அந்த எண்ணிக்கை 2020-ல் எண்பதைக்கூடத் தொடவில்லை. போலீஸ் அதிகம் தேவைப்படும் ஏழை மாநிலங்களில்தான் போலீஸ் மிகக் குறைவு.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. காலியிடங்களை நிரப்பக் கோரி 2013-ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய ஆறு மாநில உள்துறை அதிகாரிகளை நேரில் அழைத்தது. எந்த ஆண்டு எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று கால அட்டவணை கேட்டது. அட்டவணைகள் வந்தன. காலியிடங்கள் இன்னும் லட்சக் கணக்கில்தான் இருக்கின்றன.

காரணம் ஒன்றல்ல. ஒவ்வோர் இடமும் சம்பளம், ஓய்வூதியம் என்று முப்பது நாற்பது ஆண்டுச் செலவு. நிதித்துறையின் பார்வையில், நிரப்பாத இடம் செலவாகாத பணம். தேர்வு வாரியங்கள் ஆண்டுதோறும் ஆள் எடுக்காமல், தேர்தலை ஒட்டி மொத்தமாக அறிவிப்பு வெளியிடுகின்றன. உடனே இட ஒதுக்கீடு, வயது வரம்பு, விடைத்தாள் குளறுபடி என்று வழக்குகள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வந்தால் பயிற்சிப் பள்ளிகளில் படுக்க இடம் போதாது. எண்ணிக்கையை அவசரமாகக் கழித்துக்கட்ட நினைத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்ட் கலால் கான்ஸ்டபிள் தேர்வில், புழுக்கமான வெயிலில் 10 கிலோமீட்டர் ஓட வைத்ததில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள்.

முப்பதில் மிஞ்சுவது ஐந்து

தேசிய எண்களை விட்டுவிட்டு ஒரு ஸ்டேஷனுக்குள் நுழைந்து பார்ப்போம். தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றின் சட்டம் ஒழுங்குக் காவல் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த எண்ணிக்கை 40. வருகைப் பதிவேட்டில் 30 பேர்.

வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்பவருக்கு ஷிஃப்டுக்கு ஒருவர் என மூன்று பேர். ரைட்டரும் அவருக்கு உதவியாக ஒருவரும். கணினியில் எஃப்.ஐ.ஆர். ஏற்ற ஒருவர். கோர்ட் வேலைக்கு இருவர். சம்மன், வாரண்ட் கொடுக்க ஒருவர். ஜீப் ஓட்ட இருவர். நேற்று இரவு ரோந்து முடித்து ஓய்வில் இருப்பவர்கள் நால்வர். பக்கத்து மாவட்டத் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்கு ஐந்து பேர். எஸ்.பி. அலுவலகத்துக்கோ வேறு பிரிவுக்கோ மாற்றுப்பணியாகப் போய், பெயர் மட்டும் இங்கே இருப்பவர்கள் மூவர். மருத்துவ விடுப்பு, பயிற்சி என்று இருவர். கூட்டிப் பாருங்கள், 25 வந்துவிட்டது.

மீதி ஐந்து பேர். புகார் மனு விசாரிப்பது, விபத்து நடந்த இடத்துக்கு ஓடுவது, தூக்கில் தொங்கியவரின் உடலை இறக்கி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் பிரேதப் பரிசோதனை முடியும்வரை காத்துக் கிடப்பது, கைதியை ரிமாண்டுக்கு அழைத்துப் போவது, பள்ளி விடும் நேரத்தில் டிராஃபிக்கை ஒழுங்கு செய்வது, குடும்பச் சண்டையில் சமாதானம் பேசுவது எல்லாம் இந்த ஐந்து பேர்தான். இதற்கு நடுவில் முதல்வரோ மந்திரியோ அந்த வழியாகப் போகிறார் என்று மைக்கில் தகவல் வந்தால் அந்த ஐவரும் சாலையோரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே வருபவருக்குக் கிடைக்கும் பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

ஓய்வென்பதே இல்லாத காக்கி

ஆள் குறைந்தால் வேலை குறையாது. இருப்பவர் தலையில் ஏறும். 2014-ல் ஹைதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி நாடு முழுவதும் காவல் நிலையங்களில் நடத்திய ஆய்வு இதைத் துல்லியமாகப் பதிவு செய்தது. பத்தில் ஒன்பது பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். நான்கில் மூன்று பேருக்கு, மாதத்துக்கு ஒரு வார ஓய்வுகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட் வேண்டுமானால் காவல் நிலையங்களின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே 1.68 மடங்காக உயர வேண்டும் என்றது அந்த ஆய்வு. நாம் அந்தப் பழைய எண்ணிக்கையைக்கூட இன்னும் நிரப்பவில்லை.

'காமன் காஸ்' அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். லோக்நீதியும் 2019-ல் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 போலீஸாரிடம் பேசின. சராசரி வேலை நேரம் 14 மணி. நால்வரில் ஒருவர் 16 மணி நேரத்துக்கும் மேல். இதே சம்பளமும் சலுகையும் கொடுத்தால் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்று சொன்னவர்கள் 37 சதவிகிதம்.

இதற்கு வேர் 1861-ல் இருக்கிறது. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு வெள்ளையர் போட்ட காவல் சட்டத்தின் 22-வது பிரிவு, போலீஸ்காரர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. மக்களை அடக்கி வைக்க உருவாக்கிய படைக்கு அது பொருந்தியிருக்கலாம். மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய மனிதனுக்கு அது எப்படிப் பொருந்தும்? மற்ற அரசு ஊழியர்கள் கொடி பிடித்துக் கேட்கலாம். 1966-ம் ஆண்டுச் சட்டம் போலீஸாருக்கு அந்த உரிமையையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021-ல் சைலேந்திர பாபு டி.ஜி.பி.யாக இருந்தபோது வார ஓய்வு அறிவிக்கப்பட்டு, அரசாணையும் வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் ஓய்வைக் கொடுக்க வேண்டியவர் இன்ஸ்பெக்டர். அவர் கையில் மாற்று ஆள் இருந்தால்தானே கொடுக்க முடியும்? திருவிழாக் காலத்திலும் தேர்தல் நேரத்திலும் அந்த உத்தரவு முதல் பலியாவது இதனால்தான். ஆள் கொடுக்காமல் ஓய்வை மட்டும் ஆணையிடுவது, கீழே இருக்கும் அதிகாரியைப் பதிவேட்டில் பொய் எழுதத் தூண்டுவதில் போய் முடியும்.

---

பெட்டிச் செய்தி: நிலையங்களின் நிலை

● 2020 தொடக்கத்தில் நாட்டில் இருந்த காவல் நிலையங்கள் 16,955. அவற்றில் 257-ல் வாகனம் இல்லை. 638-ல் தொலைபேசி இல்லை. 143-ல் வயர்லெஸ்ஸோ மொபைலோ இல்லை. 2022 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிலைக்குழு இதை அதிர்ச்சியோடு குறிப்பிட்டது.

● 2019 ஆய்வில் பேசிய போலீஸாரில் 46 சதவிகிதம் பேர், தேவைப்பட்ட பல நேரங்களில் அரசு வாகனம் கிடைக்கவில்லை என்றார்கள். 12 சதவிகிதம் பேரின் நிலையத்தில் குடிநீர் வசதி இல்லை.

● போலீஸாரில் 86 சதவிகிதம் பேர் கான்ஸ்டபிள், ஏட்டு நிலையில் இருப்பவர்கள். வழக்கை விசாரிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும் சிறு கூட்டத்திடம்.

● தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆக 25 ஆண்டுகள் என்பதே நீண்ட காலம் விதியாக இருந்தது.

---

புகார் கொடுத்தவர் கதி

போலீஸ்காரர் படும் கஷ்டத்தை அவர்கள் துறைப் பிரச்னை என்று நாம் கடந்துபோய்விட முடியாது. அதன் விலையை முதலில் கொடுப்பவர் புகாரோடு போகும் சாதாரண மனிதர்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் விசாரிக்க வேண்டும். சாட்சி வாக்குமூலம், மகஜர், மருத்துவச் சான்று, குற்றப்பத்திரிகை என்று மாதக்கணக்கில் வேலை. ஒரு எஸ்.ஐ. கையில் ஏற்கெனவே கட்டுக்கட்டாகக் கோப்புகள். எனவே மனு ரசீது என்று சி.எஸ்.ஆர். ஒன்றைக் கொடுத்து அனுப்புவது பழக்கமாகிவிட்டது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது. இன்றும் சி.எஸ்.ஆர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடப்பவர்கள் எத்தனை பேர் என்று ஏதாவது ஒரு கமிஷனர் அலுவலகக் குறைதீர் நாளில் போய் நின்றால் தெரியும்.

பதிவானாலும் கதை முடியவில்லை. ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே வர உரிமை பெறுகிறார். இது சரியான விதி, குடிமகனைக் காலவரையின்றி அடைத்து வைக்கக் கூடாது. ஆனால் விசாரணை அதிகாரி நாள் முழுக்கப் பந்தோபஸ்தில் நின்றுகொண்டிருந்தால் அந்தக் கெடு எப்படி நிறைவேறும்? பாதிக்கப்பட்ட பெண்ணின் தெருவிலேயே அந்த ஆள் மறுபடி நடமாடுவான். சாட்சிகள் பின்வாங்குவார்கள். வழக்கு விடுதலையில் முடியும். குற்றத்துக்கான விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனி ஆட்களிடம் கொடுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது இதற்காகத்தான். தனியாகப் பிரிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஒரே எஸ்.ஐ.தான் காலையில் லத்தியோடு ஊர்வலத்திலும் மாலையில் பேனாவோடு கோப்பிலும் இருக்கிறார்.

இப்போது சுமை இன்னும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், அதற்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். புகார்தாரருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். எல்லாம் மக்களுக்கு நல்லது, வரவேற்க வேண்டியது. சட்டத்தை எழுதியவர்கள் அதைச் செய்யப்போகும் கைகளை எண்ணிப் பார்த்தார்களா என்பதுதான் கவலை.

சைபர் மோசடியைப் பாருங்கள். 2024-ல் மட்டும் இந்தியர்கள் இழந்த பணம் சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கு. 1930 என்ற எண்ணுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் கைமாறிப்போவதை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அதன்பின் வேலை நுணுக்கமானது. வங்கிக் கணக்குகளின் சங்கிலியைப் பின்தொடர வேண்டும், வேறு மாநிலத்துக்குப் போய் ஆளைப் பிடிக்க வேண்டும். லத்திப் பயிற்சி பெற்றவரை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு இதைச் செய்யச் சொன்னால் நடக்காது. ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்த ஆசிரியர், வீட்டுக் கடனுக்கு வைத்திருந்த பணத்தை இழந்த ஐ.டி. ஊழியர் எல்லோரும் கைபேசியில் புகார் எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தடயத்தைத் தேடவும் சாட்சிகளை விசாரிக்கவும் நேரமும் ஆளும் இல்லாத இடத்தில், அடித்து வாக்குமூலம் வாங்கும் குறுக்குவழி செழிக்கிறது. ஆள் பற்றாக்குறை எந்தக் காவல் மரணத்துக்கும் சமாதானம் ஆகாது. லத்தியை ஓங்குவது அந்த மனிதரின் முடிவு, அதற்கு அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் 2025 ஜூனில் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி அஜித்குமார் நகைத் திருட்டு விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டபோது, அவரை விசாரித்தது முறைப்படியான நிலைய விசாரணை அதிகாரி அல்ல, 'தனிப்படை'. அதன்பிறகுதான் அனுமதியின்றி இயங்கிய தனிப்படைகளைக் கலைக்க உத்தரவு போனது. முறையான விசாரணைக் கட்டமைப்பு பலவீனமாக இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட முறையற்ற படைகள் வளர்கின்றன.

சீருடை இல்லாத போலீஸ்

காலியிடத்தை நிரப்பாமல் வேலையை ஓட்ட அரசுகள் கண்டுபிடித்த வழி, குறைந்த சம்பளத் தற்காலிகப் பணியாளர்கள். மேற்கு வங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 'சிவிக் வாலண்டியர்'கள் இருக்கிறார்கள். காவலருக்குரிய தேர்வும் முழுப் பயிற்சியும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர் அப்படிப்பட்ட ஒரு வாலண்டியர். மருத்துவமனைக்குள் அவர் தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தார். இவர்களை யார், எப்படித் தேர்வு செய்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் அந்த மாநில அரசைக் கேட்டது.

நாம் வங்காளத்தைக் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது, 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தன்னார்வலர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. மக்களுக்கும் போலீஸுக்கும் பாலமாகத் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட அமைப்பு அது. ஆள் இல்லாத நிலையங்களில் அந்த இளைஞர்கள் இரவு ரோந்து, வாகனச் சோதனை என்று போலீஸின் வேலையையே செய்துகொண்டிருந்தார்கள். அதிகாரம் மட்டும் இருந்து பொறுப்பு இல்லாத ஒருவரைத் தெருவில் நிறுத்துவது, நிரந்தரக் காவலருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடப் பெரிய செலவு.

பேப்பர் யார் வாங்குவது?

ஸ்டேஷனுக்குப் போனவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். மனுவை வாங்கிக்கொண்ட ஏட்டு, எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வார். கூடவே ஒரு கட்டு ஏ4 பேப்பரும். லஞ்சம் என்று நாம் முகம் சுளிக்கிறோம். பல நேரம் அது லஞ்சமும்கூட. ஆனால் அந்த நிலையத்துக்கு அந்த மாதம் எத்தனை கட்டு பேப்பர் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குற்றப்பத்திரிகை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம், அதில் குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். பிரின்டர் மை, ஜீப்புக்கு அனுமதித்த டீசல் தீர்ந்தபின் ஊற்றும் டீசல், கைதிக்கு வாங்கிக் கொடுக்கும் சாப்பாடு, அநாதைப் பிணத்தை எடுத்துப்போக வண்டி வாடகை என்று எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் பையிலிருந்து காசு போகிறது. தன் பையிலிருந்து போட்டவர் அதை வேறெங்கோ தேடுவார். ஊர்ப் பெரிய மனிதரும் மணல் லாரிக்காரரும் ஸ்டேஷனுக்கு வேண்டியவர்களாவது பெரும்பாலும் இந்தக் கதவு வழியாகத்தான்.

தெலங்கானா இதைப் புரிந்துகொண்டது. மாநிலம் பிரிந்த 2014-க்குப் பிறகு, ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கைச்செலவுக்கென்று மாதந்தோறும் பணம் ஒதுக்கியது. நகர நிலையத்துக்கு 75,000 ரூபாய், மாவட்டத் தலைநகரில் 50,000, கிராமத்தில் 25,000. பெரிய திட்டம் ஒன்றும் அல்ல. ஆனால் 'பேப்பர் வாங்கிட்டு வா' என்று சொல்வதற்கு இனி சாக்கு இல்லை என்று ஒரு அரசு சொல்ல முடிந்தது. இங்கே நவீன மயமாக்கல் என்றால் டிரோனும் கேமராவும்தான் நம் தலைவர்களின் கண்ணுக்குத் தெரிகின்றன. மத்திய அரசு 2021 முதல் 2026 வரையிலான காவல் நவீன மயமாக்கலுக்கு 26,275 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அதில் மாநிலப் போலீஸ் படைகளின் நவீன மயமாக்கலுக்கு ஒதுக்கியது 4,846 கோடி. எல்லா நிலையங்களிலும் கேமரா வையுங்கள் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல இடங்களில் கேமரா வேலை செய்யவில்லை என்பதற்காக 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

இருப்பவர்கள் எங்கே போனார்கள்?

எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆள் இல்லை என்கிறோம். இருக்கும் ஆட்களை என்ன செய்கிறோம்?

2019 கணக்குப்படி 19,000-க்கும் மேற்பட்ட முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பில் நின்ற போலீஸார் 66,000-க்கும் மேல். உண்மையான மிரட்டல் இருப்பவருக்குப் பாதுகாப்பு கொடுக்கத்தான் வேண்டும். அந்தஸ்துக்காகத் துப்பாக்கிக்காரரைக் கூட வைத்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்?

அதற்கும் கீழே ஆர்டர்லி முறை. உயரதிகாரியின் வீட்டில் துணி துவைக்கவும், நாயைக் குளிப்பாட்டவும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும் பயிற்சி பெற்ற காவலர். தமிழ்நாட்டில் இந்த முறை 1979-லேயே அரசாணை போட்டு ஒழிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் அரசைக் கடுமையாகக் கண்டித்து அதை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னார். அரசுப் பணத்தில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு காவலரை வீட்டு வேலைக்கு வைப்பவர், ஒரு காவல் நிலையத்திலிருந்து ஒரு ஆளைத் திருடுகிறார்.

---

பெட்டிச் செய்தி: பெண் போலீஸார் இன்னும் குறைவு

2020 தொடக்கத்தில் இந்தியப் போலீஸில் பெண்கள் 10.3 சதவிகிதம். 33 சதவிகிதம் ஆக்குங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குப் பல முறை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது மூன்று பெண் எஸ்.ஐ.க்கள், பத்து பெண் காவலர்கள் வேண்டும் என்பது அதன் அறிவுரை. தமிழ்நாடு 1973-ல் பெண்களைப் போலீஸில் சேர்த்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தது. இன்று அவை இருநூறுக்கும் மேல்.

2019 ஆய்வில் ஐந்தில் ஒரு பெண் போலீஸ், தன் நிலையத்தில் தனிக் கழிப்பறை இல்லை என்றார். சாலையோரப் பந்தோபஸ்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்ற பெண் காவலர்களுக்கு, அந்த வேலையிலிருந்து 2021 ஜூனில்தான் தமிழ்நாட்டில் விலக்கு கிடைத்தது.

---

முடியும் என்று காட்டியவர்கள்

இதெல்லாம் தீராத நோய் அல்ல. 2016-ல் மும்பை தேவ்னார் காவல் நிலையக் காவலர் ஒருவர், இருக்கும் ஆட்களை வைத்தே மூன்று ஷிஃப்ட் போட முடியும் என்று தானே பட்டியல் தயாரித்துக்கொண்டு உயரதிகாரியிடம் போனார். கமிஷனர் தத்தா படசல்கிகர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். தேவ்னாரிலேயே சோதித்துப் பார்த்து, 2017 தொடக்கத்தில் நகரின் மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோனார். கேரளத்திலும் சில நிலையங்களில் எட்டு மணி நேர முறையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கீழே நின்று வேலை செய்பவனுக்குத்தான் எங்கே ஆள் வீணாகிறது என்பது தெரியும் என்பதை ஒத்துக்கொண்டால், பாதி வழி கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியதில் புதுமை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு யார் யார் ஓய்வு பெறுவார்கள் என்பது இன்றே தெரியும். அந்த எண்ணிக்கைக்கு இந்த ஆண்டே தேர்வு நடத்தலாம். தேர்வான புதியவர்களை ஆயுதப்படையில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைக்காமல் நிலையங்களுக்கு அனுப்பலாம். மாற்றுப்பணியில் இருப்பவர்களைத் திரும்ப அழைக்கலாம். வழக்கு விசாரணைக்குத் தனி ஆட்கள், அவர்களுக்குப் பந்தோபஸ்து கிடையாது என்று ஒரே ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடிக்கலாம். நிலையத்துக்கு மாதக் கைச்செலவை நேரடியாகக் கொடுக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றை எந்த அரசும் தானாகச் செய்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் காவல் மானியக் கோரிக்கை வருகிறது. அன்று புதிய வாகனங்கள், புதிய கட்டடங்கள், புதிய பிரிவுகள் என்று அறிவிப்புகள் வரும். எத்தனை பேர் காலி என்பதை உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அன்று எழுந்து கேட்டாரா என்று பாருங்கள். அதற்குமுன் நீங்களே கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும். எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு அனுமதித்த ஆட்கள் எத்தனை? இன்று பணியில் இருப்பவர்கள் எத்தனை? மாற்றுப்பணியில் வேறு இடத்தில் இருப்பவர்கள் எத்தனை? முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.